வெளிநாட்டு டென்டல் கேம்ப்: பத்து நாள் டீமா, மூணு மாசமா, சொல்லிக் கொடுக்கவா, இல்ல போகாமலே இருக்கலாமா?

கொஞ்ச நாளா ஒரே கேள்வி வேற வேற ஆளுங்ககிட்ட இருந்து வந்துட்டே இருக்கு. ஒருத்தருக்கு பத்து நாள் லீவு இருக்கு, ஒரு டீமோட வெளிநாடு போய் இலவசமா பல்லு பார்த்துட்டு வரலாமான்னு யோசிக்கிறார். இன்னொருத்தங்க வேலையை விட்டுட்டு மூணு மாசம் ஒரே கிளினிக்ல போய் உக்காரலாமான்னு கேக்குறாங்க. பல்லு சுத்தம் பண்ற ஒரு ஹைஜீனிஸ்ட், "நான் பல்லு பிடுங்க மாட்டேனே, எனக்கு அங்க என்ன வேலை இருக்கும்"னு கேட்டாங்க. ஒரு ஸ்டூடன்ட், "அங்க போனா நம்மளையே எக்ஸ்ட்ராக்ஷன் (பல்லு பிடுங்குறது) பண்ண விடுவாங்களாமே"ன்னு கண்ணு விரிய கேட்டான், அவனுக்கு தனியா கீழ இருக்கு, கொஞ்சம் திட்டோட.

நான் நாலு தடவை குட்டி ட்ரிப் போயிருக்கேன், ஒரு தடவை பதினாலு வாரம் ஒரே இடத்துல இருந்திருக்கேன், ரெண்டு வருஷம் எங்கயும் போகாம பணம் மட்டும் அனுப்பியிருக்கேன். அதனால எந்தப் பக்கமும் சாயாம எழுதுவேன்னு சொல்ல ஆசைதான், ஆனா சாய்வு இருக்கு, படிக்கும்போது தெரிஞ்சிடும்.

## எதை வச்சு முடிவு பண்றது

எனக்கு முதல் அளவுகோல் "மூணாவது நாள்". அது என்னன்னு சொல்லிடுறேன்.

என் முதல் ட்ரிப், ஒரு ஸ்கூல் கிளாஸ்ரூம், ஞாயித்துக்கிழமை காலைல கிளம்பணும், சனிக்கிழமை சாயங்காலம் கடைசி ஆளா நாப்பது வயசு இருக்கிற ஒருத்தர் வந்தார். கீழ் கடைவாய்ப்பல், முழுக்க சொத்தை, வேர் ரெண்டும் வளைஞ்சு கிடக்கு. நெத்தில கட்டின லைட்டுல முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டி, ஒரு வேர் ஒடிஞ்சு, எலிவேட்டர் (பல்லை நெம்பி எடுக்கிற கருவி) வச்சு நோண்டி நோண்டி எடுத்துட்டேன். பஞ்சைக் கடிச்சுக்கோங்க, சிகரெட் குடிக்காதீங்கன்னு மொழிபெயர்ப்பாளர் சொன்னார், அவரும் நல்லா தலையாட்டினார். டீம்ல எல்லாரும் முதுகுல தட்டிக் கொடுத்தாங்க. ட்ரை சாக்கெட்டுன்னு ஒண்ணு இருக்கு, பல்லு எடுத்த குழியில ரத்தம் கட்டாம எலும்பு வெளிய தெரியுற நிலை, அது பெரும்பாலும் ரெண்டுல இருந்து நாலாவது நாளுக்குள்ள வரும், கஷ்டப்பட்டு எடுத்த கீழ் கடைவாய்ப்பல்லுல, அதுவும் சிகரெட் குடிக்கிறவங்களுக்கு, இன்னும் ஜாஸ்தி. அவருக்கு வந்திருக்கு. வைத்தியம் பத்து நிமிஷ வேலை, குழியைக் கழுவி மருந்து வச்ச டிரெஸ்ஸிங் போட்டா அன்னைக்கே வலி இறங்கும். ஆனா அங்க அதைப் பண்ண ஆள் யாரும் இல்ல, நாங்க அப்போ ஃபிளைட்ல இருக்கோம். காதுவரைக்கும் இழுக்குற வலியோட அரை நாள் பஸ்ல போய், பல் டாக்டரே இல்லாத ஒரு ஆஸ்பத்திரில ஏதோ மாத்திரை வாங்கிட்டு வந்திருக்கார். வெளிநாட்டுக்காரங்க தாடையை உடைச்சிட்டாங்கன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கார், அடுத்த வருஷம் அந்தத் தெருவுல இருந்து ஒரு ஆள் கூட கேம்ப்புக்கு வரல. அவர் மேல தப்பே இல்ல.

அதனால எந்த ட்ரிப்பா இருந்தாலும் நான் முதல்ல கேக்குறது, நாம போய் மூணாவது நாள் அந்த வாயைத் திறந்து பார்க்க யார் இருக்கா?

ரெண்டாவது, நம்ம கைவசம் இருக்கிற வேலை அங்க ஒட்டுமா. ரூட் கெனால்ல கில்லாடியா இருக்கலாம், எக்ஸ்ரே மெஷினே இல்லாத இடத்துல அந்தத் திறமை பாதி வீண். மூணாவது பேப்பர், அதாவது அந்த நாட்டுல தற்காலிகப் பதிவு, நம்ம இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் (வைத்தியத்துல தப்பாகி கேஸ் வந்தா கைகொடுக்கிறது) எல்லை தாண்டி செல்லுமா, மருந்து கொண்டு போக அனுமதி. நாலாவது மறைஞ்சிருக்கிற செலவு, நமக்கு ஆகுறதும் அவங்களுக்கு ஆகுறதும். அஞ்சாவது நம்ம உடம்பு. ஊசி குத்திக்கிறது எங்கயும் நடக்கும், ஆனா தடுப்பூசி போடாத ஆளுக்கு ஹெபடைடிஸ் பி ஒட்டுற வாய்ப்பு 30% வரைக்கும் போகும், ஹெச்ஐவி 0.3% கிட்ட. ஹெச்ஐவிக்கான தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு 28 நாள் சாப்பிடணும், அந்த மாத்திரை எங்க கிடைக்கும்னு போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

## பத்து நாள் டீம் ட்ரிப்

எல்லாருக்கும் முதல்ல தோணுறது இதுதான், ஏன்னா லீவு கிடைக்கும், நண்பர்களோட போகலாம், ஏற்பாடு எல்லாம் வேற யாரோ பண்ணிடுவாங்க. நல்லதும் உண்டு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். வருஷக்கணக்கா வீங்கி வீங்கி வடியுற பல்லை எடுத்துவிட்டதும் அந்த ஆளு அன்னைக்கு ராத்திரி தூங்குறது இருக்கே, அது சின்ன விஷயம் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல போட்ட அறிக்கைப்படி வாய் சம்பந்தமான நோய் கிட்டத்தட்ட 350 கோடி பேருக்கு இருக்கு, அதுல நாலுல மூணு பேர் நடுத்தர வருமான நாடுகள்ல. தேவை இருக்கான்னு யாரும் கேக்க வேண்டியதில்ல.

ஆனா போனவங்களுக்குத் தெரியும், கேம்ப்ல எத்தனை பேரைப் பார்க்கலாம்னு முடிவு பண்றது டென்டிஸ்ட் கிடையாது, ஆட்டோகிளேவ், அதாவது கருவிகளை நீராவில வச்சு கிருமி கொல்ற மெஷின். கணக்கு போட்டுப் பாருங்க. பேக் பண்ணின செட்டுன்னா 121 டிகிரில 30 நிமிஷம், அதோட சூடாகுற நேரம், காயுற நேரம் எல்லாம் சேர்த்தா ஒரு சுத்துக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. கையில 12 எக்ஸ்ட்ராக்ஷன் செட் இருந்து நாள் முழுக்க ஏழு சுத்து ஓடினா 84 பேர், அதுவும் ஜெனரேட்டர் நடுவுல படுக்காம இருந்தா. வெளிய இருநூறு பேர் விடிகாலைல இருந்து நிக்கிறாங்கன்னு வைங்க, மதியம் மூணு மணிக்கு யாரோ ஒருத்தர் "சும்மா ஸ்பிரிட்ல துடைச்சிட்டு போட்டுடலாமா"ன்னு ஆரம்பிப்பாங்க. அங்க "முடியாது"ன்னு சொல்ற ஒரு ஆள் டீம்ல கண்டிப்பா வேணும். அந்த ஆளு டென்டிஸ்டா இருக்கணும்னே இல்ல. ஸ்டெரிலைசேஷன் டேபிளைப் பார்த்துக்கத் தெரிஞ்ச ஒரு அசிஸ்டென்டைக் கூட்டிட்டு போறது மூணாவது டென்டிஸ்ட்டைக் கூட்டிட்டு போறதை விட மேல்னு நான் எங்க வேணாலும் சண்டை போடுவேன்.

மறைமுக செலவுன்னா டிக்கெட், விசா தாண்டி எக்ஸ்ட்ரா லக்கேஜ், பயண இன்ஷூரன்ஸ் (ஆபத்துன்னா விமானத்துல தூக்கிட்டு வர்ற கவரேஜோட), டிகிரி சர்டிபிகேட் அட்டெஸ்டேஷன், சில நாட்டுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி, அது போட்டு பத்து நாள் கழிச்சுதான் செல்லும். அப்புறம் கஸ்டம்ஸ். ஒரு தடவை எங்க பெட்டி ரெண்டு நாள் ஏர்போர்ட்லயே கிடந்துச்சு, மரத்துப்போற ஊசி மருந்துக்கு எக்ஸ்பைரி நாலு மாசம்தான் பாக்கின்னு. எங்களுக்கு செம கோவம். ஆனா உலக சுகாதார நிறுவனத்தோட மருந்து நன்கொடை வழிகாட்டுதலே போய்ச் சேரும்போது குறைஞ்சது ஒரு வருஷமாவது பாக்கி இருக்கணும்னுதான் சொல்லுது, அந்த ஆபீசர் சரியாத்தான் பண்ணியிருக்கார். கடைசில அதே மருந்தை அந்த ஊரு மொத்த வியாபாரிகிட்டயே வாங்கினோம். அதை முதல்லயே பண்ணியிருக்கலாம், காசும் அந்த ஊர்லயே சுத்தியிருக்கும்.

அவங்களுக்கு ஆகுற செலவை யாரும் எழுதுறதில்ல. பக்கத்து டவுன்ல சின்னதா கிளினிக் போட்டு உக்காந்திருக்கிற உள்ளூர் டென்டிஸ்ட்டுக்கு, வெளிநாட்டு டீம் வருதுன்னு தெரிஞ்சா ஒரு மாசம் முன்னாடியே ஆள் வரத்து நின்னுடும். அப்புறம் நாம விட்டுட்டு வர்ற ஊசி, பிளேடு, ரத்தப் பஞ்சு, இதெல்லாம் எங்க போகுது? ஸ்கூலுக்குப் பின்னாடி குழிக்குத்தானே.

இது எப்போ சரி? வருஷா வருஷம் அதே இடத்துக்குப் போற டீம், உள்ளூர்ல ஃபாலோ-அப் பார்க்க சம்பளத்துக்கு ஒரு ஆள், வேலையை அளவா வச்சுக்கிறது: வலி இருக்கிற பல்லை எடுக்கிறது, ட்ரில் இல்லாம கையாலயே சொத்தையைச் சுரண்டி கிளாஸ் அயனோமர் (பல்லு அடைக்கிற ஒரு வகை சிமென்ட்) வச்சு அடைக்கிறது, குழந்தைங்களுக்கு ஃப்ளோரைடு, சில்வர் டயமைன் ஃப்ளோரைடு. இதுல அடைப்பு-பூச்சு சமாச்சாரம் ரெண்டும் (கிளாஸ் அயனோமரும் சில்வர் டயமைனும்) 2021-ல உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேர்ந்தது, கூடவே ஃப்ளோரைடு பேஸ்ட்டும். சில்வர் டயமைன் பூசினா சொத்தை நிக்கும், ஆனா அந்த இடம் கரிகரின்னு கருப்பாயிடும், அதை அம்மா அப்பாகிட்ட முன்னாடியே படம் காட்டி சொல்லாம பூசுனீங்கன்னா நீங்க ஊருக்குத் திரும்பின பிறகு அங்க உங்களைத் திட்டுவாங்க.

வருஷத்துக்கு ஒரு புது நாடு, "இந்த தடவை 900 பல்லு"ன்னு போஸ்டர் போடுற டீம்னா நான் போக மாட்டேன். பிடுங்கின பல்லு எண்ணிக்கை ஒரு சாதனையா எனக்குத் தோணல.

## மூணு மாசத்துக்கு மேல ஒரே இடம்

இதுல மூணாவது நாளும் நாமதான் இருப்போம், முப்பதாவது நாளும் நாமதான் இருப்போம். நம்ம ஃபில்லிங் விழுந்தா நம்மகிட்டயே வந்து வாயைத் திறந்து காட்டுவாங்க. வெக்கமா இருக்கும், ஆனா நான் தொழில்ல நிறைய கத்துக்கிட்டது அங்கதான்.

ஒரு பொண்ணு, பத்தொன்பது வயசு, மேல் முன்பல்லு சைக்கிள்ல இருந்து விழுந்து அடிபட்டு கருத்துப்போய் சீழ் வச்சிருந்தது. வந்த உடனே வாயை மூடிக்கிட்டே "எடுத்துடுங்க"ன்னு சைகை காட்டினா, ஏன்னா அவளுக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம் அதுதான், அவங்க அக்காவுக்கு ஒரு கேம்ப்ல அப்படித்தான் எடுத்தாங்களாம். பத்து நாள் ட்ரிப்பா இருந்தா நானும் எடுத்திருப்பேன். அங்க எங்ககிட்ட ஒரு பழைய எக்ஸ்ரே மெஷின் இருந்துச்சு, நேரம் இருந்துச்சு, மூணு தடவை வரவச்சு ரூட் கெனால் முடிச்சோம். ஆறாவது வாரம் அவளே ஒரு தோழியைக் கூட்டிட்டு வந்தா, வாயை மூடாம பேசிக்கிட்டே.

செலவு? பெருசு. மூணு மாசம் வருமானம் இல்ல, வாடகையும் லோனும் நிக்காது, சொந்த கிளினிக்னா பேஷன்ட்ஸ் வேற இடம் பார்த்துப்பாங்க. தற்காலிக லைசென்ஸுக்கு மாசக்கணக்குல காகிதம் அலையணும், டீம் ட்ரிப்ல கண்டும் காணாம விடுறதெல்லாம் இங்க நடக்காது, நடக்கவும் கூடாது. முதல் மூணு வாரம் நீங்க அங்க பாரம்தான், எந்த டிராயர்ல எது இருக்குன்னு தெரியாது, "வலிக்குதா"ன்னு கேக்குற வார்த்தையையே தப்பா சொல்லுவீங்க. ராத்திரி தனிமை ஒண்ணு இருக்கு, அதை யாரும் பிரோஷர்ல போடுறதில்ல. திரும்பி வந்து ஒரு மாசம், ஏசி ரூம்ல உக்காந்து ஒருத்தருக்கு பல்லு வெள்ளையாக்குறப்போ மண்டைக்குள்ள ஏதோ ஓடும்.

நடுவாந்தரமா ஒரு வழி ஆஸ்பத்திரிக் கப்பல். 1978-ல ஆரம்பிச்ச மெர்சி ஷிப்ஸுக்கு இப்போ ஆஃப்ரிக்கா மெர்சி, குளோபல் மெர்சின்னு ரெண்டு கப்பல் இருக்கு. ஒரு துறைமுகத்துல பல மாசம் நிக்கும், தொண்டர்கள் மாறி மாறி வருவாங்க, அதனால நீங்க போனாலும் அடுத்த ஆள் இருப்பாங்க. அது கிறிஸ்தவ அமைப்பு, நம்பிக்கை சம்பந்தமா என்ன எதிர்பார்க்கிறாங்கன்னு சேரும்போதே படிச்சுக்கோங்க. மிஷன் ட்ரிப்னு பேர் வச்ச எந்த அமைப்பா இருந்தாலும் ஒண்ணு மட்டும் நேரா கேட்டுடுங்க, பிரார்த்தனைல உக்காந்தாதான் வைத்தியம்னு இருக்கான்னு. இருந்தா நான் வர மாட்டேன்னு சொல்லிடுவேன், எந்த மதமா இருந்தாலும்.

## சொல்லிக் கொடுக்கப் போறது

என் சாய்வு இங்கதான். நான் மேல சொன்ன கையால சுரண்டி அடைக்கிற முறை (ஏஆர்டின்னு சொல்லுவாங்க) 1980-கள் நடுவுல தான்சானியாலதான் உருவாச்சு, கரன்ட்டும் ட்ரில்லும் இல்லாத இடத்துக்குன்னே. அதை டென்டல் தெரபிஸ்ட்களுக்குக் கூட (டென்டிஸ்ட் கிடையாது, எளிய பல் வைத்தியத்துக்குப் பயிற்சி எடுத்தவங்க) ஒழுங்கா சொல்லிக் கொடுக்க முடியும். பிலிப்பைன்ஸ்ல ஃபிட் ஃபார் ஸ்கூல்னு ஒரு திட்டம், ஸ்கூல்லயே தினமும் பிள்ளைங்க வரிசையா நின்னு ஃப்ளோரைடு பேஸ்ட்ல பல்லு தேய்க்கிறது, கை கழுவுறது. நடத்துறது டீச்சருங்க, பல் டாக்டரே தேவைப்படல.

அந்த ஹைஜீனிஸ்ட்டுக்கு என் பதில் இதுதான். எங்க கூட வந்த ஒரு ஹைஜீனிஸ்ட் ஒரு பல்லைக் கூடத் தொடல, அந்த ஹெல்த் சென்டர் நர்ஸோட ரெண்டு வாரம் நின்னு இன்ஸ்ட்ருமென்ட் கழுவுறது, பேக் பண்றது, தேதி போட்டு அடுக்குறது, ஆட்டோகிளேவ் டேப் நிறம் மாறலைன்னா திருப்பிப் போடுறது, இது மட்டும் பழக்கினாங்க. சுவத்துல அவங்க மொழியிலயே கையால எழுதின ஒரு சார்ட். ரெண்டு வருஷம் கழிச்சு நான் போனப்போ சார்ட் கிழிஞ்சு, புதுசா அந்த நர்ஸே எழுதி ஒட்டியிருந்தாங்க.

ஆனா எல்லாருக்கும் இது வராது. படிச்சு முடிச்ச மறுவருஷம் போய் முப்பது வருஷம் பல்லு பிடுங்கிட்டு இருக்கிற தெரபிஸ்ட்டுக்கு எலிவேட்டர் பிடிக்கக் கத்துக்கொடுத்தா சிரிப்பாங்க, மனசுக்குள்ளயாவது. நூறு ஸ்லைடு கொண்டு போறவங்களும் வேஸ்ட். மறைஞ்சிருக்கிற செலவு இதுல வேற மாதிரி, ட்ரெயின் ஆன ஆளு ஆறு மாசத்துல நல்ல சம்பளத்துக்கு சிட்டிக்குப் போயிடலாம், அதனால ஒருத்தரை மட்டும் பழக்காதீங்க. அங்க கிடைக்காத மெட்டீரியலை வச்சு சொல்லிக் கொடுத்தா நீங்க கொண்டு போன டப்பா தீர்ற அன்னைக்கு ட்ரெயினிங்கும் தீர்ந்துடும்.

## போகாம பணம் அனுப்புறது

டீம்ல பதினஞ்சு பேரோட டிக்கெட்டைக் கூட்டிப் பாருங்க, அதே தொகைல உள்ளூர் தெரபிஸ்ட் ஒருத்தருக்கு எத்தனை மாசம் சம்பளம் கொடுக்கலாம்னு. கணக்குல பார்த்தா இதை அடிச்சுக்க ஒண்ணும் இல்ல. ஆனா நேர்மையா சொன்னா, "நான் போகல, அந்தக் காசை அனுப்பிடுறேன்"னு சொன்னவங்கள்ல பாதிப்பேர் போகவும் இல்ல அனுப்பவும் இல்ல, நானே ஒரு வருஷம் அப்படித்தான். போய்ப் பார்த்தவங்கதான் அதுக்கப்புறம் விடாம அனுப்புறாங்க. பணம் எங்க போகுதுன்னு பார்க்க ஒரு நம்பகமான ஆள் வேணும், அதுவும் வேலைதான்.

பொருளா அனுப்புறீங்கன்னா கேட்டுட்டு அனுப்புங்க. 110 வோல்ட் டென்டல் சேர் ஒண்ணு 220 வோல்ட் ஊர்ல வராந்தால நிக்கிறதைப் பார்த்திருக்கேன், அதுமேல கோழி உக்காந்திருந்துச்சு.

## ஒரு பார்வைல

| | பத்து நாள் டீம் | மூணு மாசம்+ | சொல்லிக் கொடுக்க | பணம் |
|---|---|---|---|---|
| மூணாவது நாள் யார்? | உள்ளூர் ஆள் இருந்தா மட்டும் | நீங்களே | நீங்க பழக்கின ஆள் | உள்ளூர் ஆள் |
| என்ன வேலை | எக்ஸ்ட்ராக்ஷன், எளிய அடைப்பு | கிட்டத்தட்ட எல்லாம் | ஏஆர்டி, ஸ்டெரிலைசேஷன், ஸ்கூல் திட்டம் | சம்பளம், மெட்டீரியல் |
| பேப்பர் | வேணும், பலர் விட்டுடுறாங்க | முழுசா வேணும் | பேஷன்ட்டைத் தொட்டா வேணும் | இல்ல |
| நமக்கு வலிக்கிற இடம் | லீவு, கஸ்டம்ஸ், கழுத்து | வருமானம், தனிமை | பொறுமை | போகலையேங்கிற ஏக்கம் |
| அவங்களுக்கு வலிக்கிற இடம் | உள்ளூர் கிளினிக், குப்பை | நீங்க கிளம்புற நாள் | ட்ரெயின் ஆனவர் போயிட்டா | பணம் திடீர்னு நின்னா |

## ஸ்டூடன்ட்ஸுக்கு

உங்க காலேஜ்ல சூப்பர்வைசர் இல்லாம செய்ய விடாத எதையும் அங்க போய் செய்யாதீங்க. அவ்ளோதான். ஏழையா இருக்கிறதால அவங்க வாய் உங்களுக்கு பிராக்டீஸ் போர்டு ஆகிடாது. டென்டல் காலேஜ்ல சேர்றதுக்கு முன்னாடியே இப்படிப் போறவங்களுக்குன்னே அமெரிக்க பல் மருத்துவக் கல்விச் சங்கம் தனியா வழிகாட்டுதல் போட்டிருக்கு, அந்த அளவுக்கு இது நடந்திருக்கு. "நான் பிடுங்கினேன்"னு அட்மிஷன் இன்டர்வியூல பெருமையா சொன்னா எதிர்ல இருக்கிறவங்க முகம் மாறும். போங்க, ஆனா லைட் பிடிங்க, ரெக்கார்டு எழுதுங்க, ஆட்டோகிளேவ் டேபிள்ல நில்லுங்க.

## அப்போ யார் எதுக்குப் போகலாம்

முதல் தடவை, பத்து நாள்தான் லீவுன்னா டீம் ட்ரிப் போங்க, ஆனா அதே இடத்துக்கு அடுத்த வருஷமும் போற டீமா பாருங்க. அஞ்சாறு வருஷ அனுபவம் இருந்து வீட்டுல பொறுப்பு கம்மியா இருக்கிற கட்டம்னா மூணு மாசத்தைத் தள்ளிப் போடாதீங்க, அந்த மாதிரி இடைவெளி வாழ்க்கைல அடிக்கடி வராது. ரெண்டு மூணு ட்ரிப் முடிச்சவங்க, ஹைஜீனிஸ்ட், நல்லா பேசத் தெரிஞ்சவங்க சொல்லிக் கொடுக்கிற பக்கம் வாங்க. கைக்குழந்தை, கர்ப்பம், முதுகுவலி, லோன் நெருக்கடி, இதெல்லாம் இருந்தா பணம் அனுப்புங்க, குத்த உணர்ச்சியே வேணாம்.

அமைப்புக்கு மெயில் போடும்போது மூணே கேள்வி: நாங்க போன பிறகு சிக்கல் வந்தா பேஷன்ட் யார்கிட்ட போவார் (அந்த ஆளோட பேர் என்ன), ஊசிக் குப்பையை எங்க எரிக்கிறீங்க, தற்காலிக லைசென்ஸ் யார் எடுக்கிறாங்க. பதில்ல ஒரு ஆளோட பேரும் வேலையும் வந்தா நல்ல அறிகுறி. "அதெல்லாம் பார்த்துக்கலாம்"னு வந்தா அடுத்த அமைப்பைப் பாருங்க.

இன்னும் எதுக்கும் முடிவு பண்ணலைன்னாலும் ஒண்ணை இப்பவே ஆரம்பிக்கலாம். ஹெபடைடிஸ் பி வழக்கமான மூணு டோஸ் 0, 1, 6 மாசக் கணக்குல போகும், அது முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல ரத்தப் பரிசோதனை எடுத்து ஆன்டிபாடி (ஊசி உடம்புல உண்டாக்கின எதிர்ப்பு) 10 mIU/mL-ஆவது இருக்கான்னு பார்க்கணும். டிக்கெட் போட்டுட்டு ஊசி போட ஓடினா நேரம் பத்தாது.